விழுங்காதவர்

அவர் துப்பியதை நான் இரண்டு வருஷம் கழுவியிருக்கிறேன். அவரைப் பற்றிப் பேச எனக்கு அந்த உரிமை போதும். கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு நாக்கு கிடைக்காது, கோயில் கமிட்டித் தலைவர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த நாக்கில் பட்டதெல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேர்ந்தது.

அகல வாய் வைத்த ஒரு பித்தளைப் பாத்திரம். நான் வேலை பார்த்த பங்களாவில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அதைத் தரையில் வைப்பது என் வேலை. அவர் குனியக்கூட மாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உதட்டைக் குவித்து ஒரு பீய்ச்சு. ஒரு சொட்டு வெளியே தெறிக்காது. அதில் அவருக்கு ஏகப் பெருமை. முடிந்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வாய்க்காலுக்குப் போவேன். கரிந்த சர்க்கரையும் மரவாசனையும் கிழட்டு எச்சிலும் சேர்ந்த ஒரு வாடை முகத்தில் வந்து அடிக்கும். நான் பிள்ளை பெற்றவள். மாமியாரைப் படுக்கையில் வைத்து மூன்று வருஷம் பார்த்தவள். அப்போதெல்லாம் வராத குமட்டல் அந்தப் பாத்திரத்தைத் தொட்டதும் வந்துவிடும்.

எஸ்டேட்டில் அவருக்குப் பெயரே டேஸ்டர்தான். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தேநீர் ருசி பார்த்து ரிட்டையர் ஆனவர். வெள்ளைக் கோப்பைகள் நீள மேசையில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, அடுத்த அறை வரை கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். "நாலாம் நம்பர் காடு. மழையில பறிச்சிருக்கானுங்க. வாட்டல் பத்தல" என்பார். விசாரித்தால் அப்படியே இருக்கும். நாள் முழுக்கத் தேநீரை வாயில் வைத்திருந்த மனிதர் ஒரு மடக்குத் தேநீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஃபேக்டரியோடு அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது? மனிதர் வீடு வீடாகக் கொண்டு போனார். கல்யாணம், காதுகுத்து, எது நடந்தாலும் பந்தியில் உட்கார மாட்டார். சமையல் நடக்கும் இடத்துக்கு நேராகப் போய், கரண்டியை நீட்டச் சொல்லி, ஒரு வாய் வாங்கி, சுழற்றி, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து தீர்ப்பு சொல்வார். என் வளைகாப்புக்கு அம்மா பாயசம் வைத்திருந்தாள். டேஸ்டர் ஒரு வாய் வாங்கிப் போய், வாசல் ரோஜாச் செடியின் தலையில் துப்பினார்.

"டின்னு பாலு. தொறந்து ரெண்டு நாளு ஆச்சு. ஏலக்காயி பரவால்ல" என்றார்.

உண்மைதான். டின்னைத் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போது என் அண்ணன், மத்தியானத்துக்குள்ளேயே சம்சுச் சாராயம் ஏற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவன், சத்தமாகச் சொன்னான்:

"டேஸ்டரே, முழுங்கிப் பாத்துட்டு சொல்லுங்க லா. உள்ள போனாத்தான பாயசம். வாயிலயே வச்சிருந்தா அது வெறும் ஈரம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டேஸ்டர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அண்ணனையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லாரி ஓட்டியவன். பிளாஸ்டிக் போத்தலில் வரும் மலிவுச் சரக்கான அந்தச் சம்சு அவனுடைய லைசென்ஸைத் தின்றது, பெண்டாட்டியை ஓட்டியது, கடைசியில் வயிற்றை ஊத வைத்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் பாதிக்கு மேல் போய்விட்டது, இனிமேல் குடித்தால் பிழைக்க மாட்டார் என்று சொன்னார். அண்ணன் பயந்துவிட்டான். எஸ்டேட் முருகன் கோயிலில் சத்தியம் பண்ணினான். கமிட்டித் தலைவர் என்ற முறையில் டேஸ்டர்தான் அவன் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். அதன் பிறகு பதினாலு மாதம் அவன் ஒரு சொட்டு தொடவில்லை. கியா பார்மில் ஒரு கடையில் ஸ்ட்ராபெர்ரி கழுவி டப்பாவில் அடுக்கும் வேலை பார்த்தான். அந்தப் பதினாலு மாதத்தை நான் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய துரை பங்களாவை ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், குத்தகைக்கு எடுத்து, வெளியூர் ஆட்கள் வந்து தங்கும் இடமாக மாற்றியிருந்தார். நான் அங்கே சமையலும் மேசை வேலையும் பார்த்தேன். தவுக்கேவுக்கு இன்னொரு வியாபாரமும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து பர்பன் விஸ்கி வரவழைத்துப் பெரிய ஹோட்டல்களுக்குக் கொடுப்பார். சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புதுப் பீப்பாயில் வருஷக்கணக்கில் அடைத்து வைப்பது அது. அதிலும் இவர் வாங்கியது சின்னத் தொகுதிச் சரக்கு. நாலைந்து பீப்பாயை மட்டும் கலந்து, எழுநூறு எண்ணூறு போத்தல் போட்டு முடித்துவிடுவார்களாம். ஒரே பெயர், ஒரே லேபிள், ஆனால் ஒரு தொகுதி போல இன்னொன்று இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் ருசி பார்த்து ஓர் அட்டை எழுத வேண்டும். அதற்கு அவர் டேஸ்டரைப் பிடித்தார்.

நல்ல வேலைக்காரர்தான், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். துலிப் பூ மாதிரி வாய் குவிந்த கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றுவார். ஜன்னல் பக்கம் தூக்கி நிறம் பார்ப்பார். மூக்கை உள்ளே விட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோப்பம். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோப்பம். வாய் சுத்தம் பண்ண உப்பில்லாத பிஸ்கட். மூன்று நாளைக்கு முன்பே வெங்காயத்தை நிறுத்திவிடுவார். "வெனிலா இருக்கு. கரிஞ்ச சக்கர. ஆரஞ்சுத் தோலு. அதுக்குப் பின்னால, இரு, சாமி ரூம்புல தொறந்து வச்ச சந்தனப் பொட்டி" என்று சொல்லிக்கொண்டே எழுதுவார். நானும் ஒரு நாள் காலிக் கோப்பையை முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் இருந்தது. சந்தனப் பெட்டியும் இருந்தது. எரிச்சலாக வந்தது.

வீட்டில் அவர் தனிக்கட்டை. வெள்ளைக் கஞ்சிதான் சாப்பாடு, அதற்கும் உப்பு கிடையாது. அவருடைய மனைவி மகளோடு இருக்கப் போவதற்கு முன் என்னிடம் சொல்லியிருக்கிறார்: "முப்பது வருசம் ஆக்கிப் போட்டேன் தாயி. பசிக்குதுன்னு ஒரு நாளு சொன்னதில்ல. நல்லாருக்குன்னு தட்டு நீட்டுனதில்ல. மார்க்கு மட்டும் போடும்." அதைச் சொல்லும்போது அந்தம்மா அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அட்டையில் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. விழுங்கிய பிறகு என்ன ஆகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுத வேண்டிய கட்டம். தேயிலைக்கு அந்தத் தொல்லை கிடையாது. வாங்குகிற ஹோட்டல்காரர்கள் முதலில் படிப்பதே அதைத்தான் என்று தவுக்கே நச்சரித்தார்.

ஒரு நாள் நான் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டேஸ்டர் பின்வாசலுக்கு வந்தார்.

"எனக்கு ஒரு தொண்ட வேணும்மா."

"தொண்டையா?"

"நாக்கு இருக்கு, மூக்கு இருக்கு. கீழ எறங்குனா என்ன செய்யுதுன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்."

"நீங்களே ஒரு வாய் முழுங்குனா என்னவாம்?"

கையில் பீ பட்டதுபோல முகத்தைச் சுளித்தார். "என்னம்மா பேசற? என் வயித்துல ஒரு சொட்டு எறங்குனதில்ல. நான் கமிட்டித் தலைவரு." பிறகு குரலைத் தணித்தார். "ஒங்கண்ணன் இருக்கான்ல. அன்னைக்கிப் பாயசத்துக்கு ஒரு வார்த்த சொன்னான் பாரு. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்."

"அவன் விட்டுட்டான். டாக்டரு சொன்னது ஒங்களுக்குத் தெரியும். கயிறு கட்டுனதே நீங்கதான்."

"அது சம்சுக்குக் கட்டுன கயிறும்மா. இது தொர குடிக்கிற சாமான். ஒரு கரண்டி, அவ்ளோதான். ஒன் கண்ணு முன்னாலதான் லா. வேலன்னு நெனச்சுக்க."

வெளியாட்களுக்கு இது புரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் புரியும். சம்சு குடித்துச் செத்தவர்களை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் தினமும் சாயங்காலம் இதே பங்களா வராந்தாவில் உட்கார்ந்து குடித்த துரைகள் யாரும் வயிறு ஊதிச் செத்ததாக ஒரு கதை கூட எங்களிடம் இல்லை. துரை குடிப்பது மருந்து, நாம் குடிப்பது விஷம். என் அப்பா அப்படித்தான் நம்பினார். அண்ணன் நம்பினான். படித்த என் மகள் கேட்டால் சிரிப்பாள், ஆனால் நானும் அதைத்தான் நம்பினேன். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த, மெழுகு முத்திரை போட்ட ஒரு போத்தலில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஸ்ட்ராபெர்ரி கழுவுகிறவனை ஒருவர் தேடி வந்து உன் உதவி வேண்டும் என்று கேட்கிறாரே என்ற அற்ப சந்தோஷமும் இருந்தது. சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அண்ணன்தான் தயங்கினான். "சாமி முன்னால சொல்லிட்டேனே டேஸ்டரே" என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். டேஸ்டர் அவனைக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனார். சூடம் காட்டச் சொல்லி, அவரே கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்து, வேலின் அடியில் வைத்தார். "வேல முடிஞ்சதும் திருப்பிக் கட்டிக்கலாம். முருகனுக்குத் தெரியாததா" என்றார். நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது.

முதல் நாள் அண்ணன் சவரம் பண்ணி, சட்டை இஸ்திரி போட்டு வந்தான். டேஸ்டர் தன் வாய்க்கு ஒரு மடக்கு எடுத்து, சுழற்றி, துப்பினார். பிறகு ஒரு மேசைக்கரண்டியில் அளந்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

"சொல்லு."

"இருங்க." விரலால் தொண்டையிலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தான். "மொதல்ல இனிப்பாப் போவுது. தொண்டக் குழி தாண்டுனதும் ஒரு சண்ட போடுது. அப்பறம் சமாதானமாயி இங்க வந்து ஒக்காந்துக்குது." நெஞ்சில் கையை வைத்தான்.

டேஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒக்காந்திருக்கா?"

"ஒக்காந்திருக்கு."

"இப்ப?"

"இன்னும் எந்திரிக்கல டேஸ்டரே. கெழவன் மாதிரி. பீடி பத்த வச்சிட்டான்."

டேஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தனையையும் தன் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் வேறொரு தொகுதி. லேபிள் அதேதான். அண்ணன் விழுங்கிவிட்டு, "இது அவன் தம்பி. நிக்க மாட்டேங்கிறான், ஓடிர்றான். போனப்பறம் கசப்பு மட்டும் இருக்கு, டீத்தூளக் கடிச்ச மாதிரி" என்றான். டேஸ்டர் போத்தலைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒங்கண்ணனுக்கு இருக்கறது சாதாரணத் தொண்ட இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, லயத்தில் நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

அண்ணன் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவனிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. குடிக்காதே என்று சொன்னவர்கள் உண்டு. நானே எத்தனை முறை கத்தியிருக்கிறேன். என்ன தோன்றுகிறது, எங்கே தோன்றுகிறது, எவ்வளவு நேரம் தோன்றுகிறது என்று கேட்டு அவன் பதிலை எழுதிக்கொண்ட முதல் ஆள் அந்த மனிதர்தான். வாராவாரம் ருசி பார்க்கிற புதன்கிழமைக்காக அண்ணன் காத்திருக்க ஆரம்பித்தான்.

ஒரு கரண்டி இரண்டானது. இரண்டு, சின்னக் கோப்பை ஆனது. ஒரு கரண்டியில் முழு விஷயமும் தெரியவில்லை என்று அண்ணனே சொன்னானாம். டேஸ்டர் தடுக்கவில்லை. அட்டைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. தவுக்கேவுக்கு வியாபாரம் சூடு பிடித்திருந்தது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன்.

ஒரு மத்தியானம் கியா பார்மில் சாமான் வாங்கப் போனபோது, கடைக்குப் பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் போத்தல். வாசனையே சொல்லிவிட்டது.

"என்ன அண்ணே இது?"

"இந்த வாரம் போத்தலு வராதாம். தொண்ட பழக்கம் விட்டுப் போயிரும்ல" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை ஒரு காரணம் என்று நம்பிச் சொன்னான்.

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டேஸ்டர் வீட்டுக்குப் போனேன். நடுக்கூடத்தில் நிறுத்தி, "பாருங்க, நீங்க செஞ்சத பாருங்க" என்றேன். அந்த மனிதர் எழுந்து வந்தார். அண்ணனுடைய வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கைக் கொண்டுபோய், உதட்டை லேசாகத் திறந்து, இரண்டு முறை மோந்தார். பர்பனை மோப்பதுபோலவே மோந்தார்.

"நம்ம சரக்கு இல்ல. சம்சு. ரப்பர் வாட அடிக்குது பாரு. அடியில அன்னாசி எசன்ஸ் கலந்திருக்கான்" என்றார்.

"அவன் செத்துருவான் ஐயா" என்று கத்தினேன்.

"நான் முழுங்கச் சொன்னது எங்கிட்ட உள்ளத. மிச்சத்த அவனா முழுங்குனா நான் என்னம்மா செய்வேன்? நான் தொடறவனா?" என்று சொல்லிவிட்டுப் போய் முகத்தைக் கழுவினார். மோந்த மூக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அண்ணன் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டேஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவனிடம், "புதங்கெழம வந்துரு. அதுக்கு மொத ரெண்டு நாளு இதத் தொடாத, என்ன? தொண்ட மந்தமாயிரும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் மைக்கைப் பிடித்து, குடியால் நம் சமூகம் அழிகிறது என்று அரைமணி நேரம் பேசினார். "நம்ம எஸ்டேட்டுலயே ஒருத்தன் சாமிக்குக் குடுத்த வாக்க மீறிட்டான்" என்றார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. வேலின் அடியில் கயிறு அப்படியே கிடந்தது. எனக்கு மைக்கைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. பிடுங்கவில்லை. திங்கட்கிழமை பங்களாவுக்குப் போய் அதே பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். புதன்கிழமை நான் வாசலில் மறித்து நின்றும் அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நான்தானே அந்தக் கதவை முதலில் திறந்துவிட்டது, எந்த முகத்தோடு மறிப்பது?

நாலு மாதத்தில் வயிறு மறுபடி ஊதியது. கண் மஞ்சளானது. ரத்தமாக வாந்தி எடுத்த அன்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே டாக்டரம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், ஆனால் பிரயோஜனம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அண்ணனே போக மறுத்துவிட்டான். சாப்பிடுவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மன்னிச்சிரு என்று சொல்ல நினைத்து, கஞ்சியை மறுபடி கலக்குவேன்.

மூன்றாம் நாள் டேஸ்டர் வந்தார். ஆரஞ்சுப் பழமோ ஹார்லிக்ஸோ, நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் எதுவும் இல்லை. அட்டைகள் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"கடைசியா வந்துச்சே அந்த ரெண்டு போத்தலு. அதுக்குக் கீழ்க் கட்டம் எழுதாம வுட்டுட்டோம். தவுக்கே அவசரப்படறாரு. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

இப்படி ஒரு ஜென்மமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கஞ்சிக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், கை ஓங்கியும்விட்டேன். அதற்குள் அண்ணன் சுவரிலிருந்து திரும்பினான். மூன்று நாளாகத் திரும்பாதவன் திரும்பினான். கையை ஊன்றி எழப் பார்த்தான். தலையணையை வைத்துத் தூக்கி உட்கார வைத்தேன்.

"ஞாபகம் இருக்கு டேஸ்டரே. மொத போத்தலு வாயில ஒரு மாதிரி, உள்ள வேற மாதிரி. நீங்க வாயில நல்லாருக்குன்னு சொன்னீங்க. உள்ள போனா அது பொய்யி. பாதியிலயே வுட்டுட்டுப் போயிருது. ரெண்டாவதுதான் நெசம்."

"நெசம்னா?"

"காலைல பனியில வண்டிய ஸ்டார்ட் பண்ணுவோம்ல. மொதல்ல ஹீட்டரு ஒண்ணும் செய்யாது. கொண்ட ஊசி வளைவு தாண்டுனப்பறம் கால்ல இருந்து மெல்ல ஏறும். அப்படி ஏறுது. வெளிய குளிரு இருக்குன்னும் தெரியுது, நமக்கு ஒண்ணுமில்லன்னும் தெரியுது."

டேஸ்டர் எழுதினார். "எவ்ளோ நேரம்?"

"கீழ ரிங்லெட் டவுனு வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தான். மஞ்சள் கண்ணும் வெடித்த உதடுமாக அவன் சிரித்த சிரிப்பு, அவன் முதன்முதலில் லாரிச் சாவி வாங்கிக்கொண்டு வந்த அன்று சிரித்த சிரிப்பு. டேஸ்டர் பேனாவை மூடினார். "நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அண்ணன் அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தான்.

அடுத்த நாள் காலையிலிருந்து, "டேஸ்டரு எத்தன மணிக்கி வராராம்?" என்று கேட்க ஆரம்பித்தான். சாயங்காலம் வரை வாசலையே பார்த்தான். மறுநாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வெளியே போய், யார் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று நினைத்தேனோ அந்த மனிதருக்குப் போன் பண்ணினேன். கெஞ்சினேன். ஐயா, ஒரு தடவை வந்து எதையாவது கேட்டுட்டுப் போங்க என்றேன்.

"அதான் கார்டு முடிஞ்சிருச்சேம்மா. நல்லா அமஞ்சிருச்சுன்னு தவுக்கேகூட சொன்னாரு. அடுத்த லாட்டுக்கு வேற ஆளு பாத்தாச்சு. திரிங்காப்புல லாரி ஓட்டறவன்" என்றார். பிறகு, நினைவு வந்தவர்போல, "அவன ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கேண்டீனில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் வாங்கினேன். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"டேஸ்டருக்கு வேல ஜாஸ்தியாம் அண்ணே. என்னயக் கேட்டு எழுதச் சொன்னாரு. எல்லாத்தயும் மொதல்லேர்ந்து வேணுமாம்."

அவன் திரும்பினான். என்னை நம்பினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஒனக்கு எழுத வருமா?" என்றான்.

"வரும். சொல்லு. மொத போத்தலு உள்ள போனப்ப எப்படி இருந்துச்சு?"

ஐந்து நாள் கேட்டேன். பர்பன் முடிந்ததும் சம்சுவைக் கேட்டேன். சம்சு முடிந்ததும், அவன் பதினாறு வயதில் முதன்முதலில் குடித்த கள்ளைக் கேட்டேன். குடிப்பதைப் பற்றியே கேட்டுக்கொண்டு, அந்த மனிதருடைய ஸ்டூலில் அந்த மனிதராகவே நான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல ஒரு வாய் கஞ்சி, ஒரு மாத்திரை, ஒரு வாய் தண்ணீர் என்று உள்ளே போயிற்று. ஆறாம் நாள் விடிவதற்குள் போய்விட்டான்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம், "இது வரைக்கும் எழுதுனதப் படி" என்றான். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் கையைத் தூக்கினான்.

"என்ன எழுதிருக்க? சூடா இருக்குன்னா?"

"நீதான அண்ணே சொன்ன?"

"சூடு இல்ல. கதகதப்பு. சரியாப் போடு, டேஸ்டரு படிச்சிட்டுக் கேப்பாரு."

அடித்துவிட்டு, கதகதப்பு என்று எழுதினேன்.